முதல் மியௌரா போரிலேற்றம்: தராசிலிருந்து என்எம்ஆர் வரை

சுசுகி பிணைப்பு (போரான் துணுக்கையும் ஹாலைடையும் பல்லேடியம் கொண்டு இணைக்கும் வினை) செய்ய வேண்டும், அதற்கு போரான் பக்கத்துத் துணுக்கு தேவை. அது விற்பனையில் இல்லை, இருந்தாலும் விலை கட்டுப்படியாகவில்லை, கையில் இருப்பதோ ஒரு அரைல் புரோமைடு, அதாவது பென்சீன் போன்ற வளையத்தில் புரோமின் ஏறிய பொருள். கரிம வேதியியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த யாருக்கும் இந்த நிலைமை சீக்கிரமே வந்துவிடும். அப்போது சீனியர் ஒருவர் பிஸ்(பினகோலேட்டோ)டைபோரான் பாட்டிலை எடுத்துக் கொடுத்து "மியௌரா போட்டுடு" என்பார். புரோமின் இருந்த இடத்தில் போரானை ஏற்றும் அந்த வினையை முதல்முறை செய்யப்போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இனி அந்தப் பொடியை ஆய்வகத்தில் சொல்வதுபோல பி2பின்2 என்றே சொல்கிறேன்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். புதியவர்கள் எல்லோரும் பல்லேடியத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், எந்த வினையூக்கி, எத்தனை சதவீதம் என்று. இந்த வினையில் அதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது காரம். எந்தக் காரம் போடுகிறீர்கள், அது எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்பதுதான் விளைச்சலைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஏன் என்று புரிந்துவிட்டால் மீதியெல்லாம் உங்களுக்கே தோன்றும்.

இந்தப் பிணைப்பு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது

போரான்-போரான் ஒற்றைப் பிணைப்பு கொண்ட டைபோரான் டெட்ராகுளோரைடை 1925-லேயே ஆல்ஃபிரட் ஸ்டாக் குழு செய்துவிட்டது. போரான் டிரைகுளோரைடுக்குள் துத்தநாக மின்முனைகளுக்கு நடுவே மின்வில் ஏற்றிச் செய்தார்கள். கிடைத்ததோ காற்றில் பட்டால் தீப்பிடிக்கும், குளிரில் வைக்காவிட்டால் சிதையும். 1954-ல் அது எத்திலீனின் இரட்டைப் பிணைப்பில் தானாகவே சேர்ந்துகொள்கிறது என்று கண்டார்கள், அருமையான வினைதான், ஆனால் யார் அந்தப் பொருளைக் கையாள்வது? 1960 வாக்கில் பிரதர்டன் குழு வழியைத் திறந்தது. டைமெத்தில்அமினோ குழுக்கள் கொண்ட போரான் ஹாலைடை உருகிய சோடியத்துடன் வினைபுரிய வைத்து டெட்ராகிஸ்(டைமெத்தில்அமினோ)டைபோரானைச் செய்தார்கள். அதிலிருந்து அமினைக் கழற்றிவிட்டு ஆல்கஹால்களை மாட்டலாம். பினகாலை மாட்டினால் பி2பின்2.

போரானுக்கு ஒரு காலி பி-ஆர்பிட்டல் உண்டு. குளோரின் அதைச் சரியாக நிரப்புவதில்லை, அதனால்தான் குளோரைடு அவ்வளவு அவசரப்படுகிறது. ஆக்சிஜனோ தன் தனி இணை எலக்ட்ரான்களை அந்தக் காலி இடத்துக்குள் நன்றாகவே தள்ளுகிறது. இரண்டு போரானுக்கும் இரண்டிரண்டு ஆக்சிஜன், அவற்றைச் சுற்றிப் பினகாலின் எட்டு மெத்தில் குழுக்கள். நடுவில் இருக்கும் போரான்-போரான் பிணைப்பு, நீளம் சுமார் 1.7 ஆங்ஸ்ட்ராம், கிட்டத்தட்ட எதனோடும் வம்புக்குப் போகாமல் இருக்கும். காற்றில் வைத்து எடைபோடலாம், க்ளவ்பாக்ஸ் தேவையில்லை.

அதை எழுப்ப இரண்டு வழி. ஒன்று, பல்லேடியம், பிளாட்டினம், இரிடியம், ரோடியம் போன்ற உலோகம். இன்னொன்று, ஒரு லூயிஸ் காரம்: அது ஒரு போரானில் போய் உட்கார்ந்தால் பிணைப்பு ஒரு பக்கம் சாய்கிறது, அடுத்த போரான் எலக்ட்ரான்களைத் தூக்கிக்கொண்டு கருக்கவரியாகக் கிளம்பத் தயாராகிறது. போரான் என்றாலே எலக்ட்ரான் பசி கொண்டது என்று படித்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். இதை ஒருமுறை தாளில் வரைந்து பாருங்கள், பின்னால் காப்பர் வினைகளுக்கு வரும்போது உதவும்.

குடுவைக்குள் நடப்பது

ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் இஷியாமா, முராட்டா, மியௌரா மூவரும் 1995-ல் வெளியிட்ட முறையைத்தான் நாம் இன்றும் சிறு மாற்றங்களுடன் செய்கிறோம். அரைல் ஹாலைடு, 1.1 சமானம் (ஹாலைடின் மோல் அளவுக்கு 1.1 மடங்கு) பி2பின்2, 3 சமானம் பொட்டாசியம் அசிடேட், 3 மோல் சதவீதம் டிபிபிஎஃப் என்ற பாஸ்பீன் ஈந்தணைவி கொண்ட பல்லேடியம் குளோரைடு, டிஎம்எஸ்ஓ கரைப்பான், 80° செல்சியஸ். அவ்வளவுதான்.

பல்லேடியம் முதலில் அரைல்-புரோமின் பிணைப்புக்குள் நுழைகிறது. அடுத்து புரோமைடை அசிடேட் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கிறது. இதுதான் திறவுகோல். பல்லேடியத்தில் இருக்கும் அந்த ஆக்சிஜனை போரான் விரும்பும், அதனால் பி2பின்2-இன் ஒரு பாதி அசிடேட்டை எடுத்துக்கொண்டு விலக, மறுபாதி பல்லேடியத்துக்கு வந்துவிடுகிறது. கடைசியில் அரைலும் போரானும் பல்லேடியத்தை விட்டு ஒன்றாக வெளியேறுகின்றன. போரோனிக் எஸ்டர் தயார்.

சரி, ஏன் அசிடேட்? பொட்டாசியம் கார்பனேட்டோ பாஸ்பேட்டோ போட்டால் என்ன? போட்டால் வினை நடக்கும், ஆனால் அதோடு நிற்காது. உங்கள் குடுவையில் இப்போது அரைல் போரோனிக் எஸ்டர் இருக்கிறது, மீதி அரைல் புரோமைடு இருக்கிறது, பல்லேடியம் இருக்கிறது. வலுவான காரமும் இருந்தால் அது சுசுகி வினைக்கான முழுச் செட்டப். செய்த பொருளே வினைபடுபொருளோடு சேர்ந்து பையரைல் (இரண்டு அரைல் ஒட்டிய மூலக்கூறு) ஆகிவிடும். அசிடேட் பலவீனமான காரம்: டைபோரானை எழுப்பும் அளவுக்குப் போதும், போரோனிக் எஸ்டரை எழுப்பும் அளவுக்குப் போதாது. இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் மொத்த வினையும் நடக்கிறது. அசிடேட் தீர்ந்துபோய் அலமாரியில் கார்பனேட் மட்டும் இருந்தால், அன்றைக்கு வினை போடாதீர்கள்.

எடை போடுதல்

பழகுவதற்கு 4-புரோமோஅனிசோலை எடுத்துக்கொள்வோம். மலிவானது, விளைபொருளின் என்எம்ஆர் (அணுக்காந்த ஒத்திசைவு நிறமாலை) தெளிவானது. எலக்ட்ரான் செறிந்த வளையம் என்பதால் வினை சற்று மெதுவாகப் போகும், பயிற்சிக்கு அதுவும் நல்லதே, அவசரப்படாமல் கவனிக்கலாம்.

1 மில்லிமோல் அளவுக்குக் கணக்கு: 4-புரோமோஅனிசோல் 187 மில்லிகிராம், திரவம் என்பதால் சிரிஞ்சில் 0.125 மில்லிலிட்டர். பி2பின்2, மூலக்கூறு எடை 254, 1.1 சமானத்துக்கு 279 மில்லிகிராம். பொட்டாசியம் அசிடேட் 294 மில்லிகிராம். பல்லேடியம் வினையூக்கி உங்கள் பாட்டிலில் டைகுளோரோமீத்தேன் சேர்ந்த வடிவமாக இருந்தால் மூலக்கூறு எடை 816.6, 3 மோல் சதவீதத்துக்கு 24.5 மில்லிகிராம், சேராத வடிவமென்றால் 22 மில்லிகிராம். லேபிளைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். கரைப்பான் 5 அல்லது 6 மில்லிலிட்டர். முழு விளைச்சல் வந்தால் 234 மில்லிகிராம் எஸ்டர் கிடைக்க வேண்டும், இந்த எண்ணை நோட்டில் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

பொட்டாசியம் அசிடேட் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் மூடி சரியாக மூடாத பாட்டில் சில நாளிலேயே ஈரக் கட்டியாகிவிடும். அதை அப்படியே சுரண்டிப் போட்டால் எடையும் தவறு, தண்ணீரும் உள்ளே போகிறது. தேவையான அளவைவிடக் கொஞ்சம் அதிகமாக எடுத்து, உரலில் பொடித்து, வெற்றிடத்தில் 100-லிருந்து 120° செல்சியஸில் ஒரு இரவு வைத்து, டெசிகேட்டரில் ஆறவிட்டு எடை போடுங்கள். பொடியாக இருப்பதும் முக்கியம். டயாக்சேனில் இந்த உப்பு கரையாது, பொடியின் மேற்பரப்பில்தான் விஷயம் நடக்கிறது.

கரைப்பான் விஷயத்தில், டிஎம்எஸ்ஓ வேகமானது, ஆனால் அதை வெளியேற்றப் பலமுறை கழுவ வேண்டும். டயாக்சேன் மெதுவானது, ஆனால் ரோட்டாவில் (வெற்றிடத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) போட்டால் போய்விடும். முதல்முறைக்கு நான் டயாக்சேனைத்தான் சொல்வேன். புதியவர்கள் பொருளை இழப்பது பெரும்பாலும் கழுவும்போதுதான். பழைய டயாக்சேன் பாட்டிலில் பெராக்சைடு இருக்கிறதா என்று சோதனைத் தாளில் பார்த்துவிட்டு எடுங்கள், புற்றுநோய் ஆபத்துள்ள கரைப்பான் என்பதால் எப்போதும் ஃபியூம்ஹூடுக்குள்ளேயே கையாளுங்கள்.

வினையைப் போடுதல்

காந்தக் குச்சியோடு ஷ்லெங்க் குழாயை அடுப்பில் உலர்த்தி, நைட்ரஜனிலோ ஆர்கானிலோ ஆறவிடுங்கள். திண்மங்கள் மூன்றையும் போடுங்கள்: பி2பின்2, அசிடேட், பல்லேடியம். வெற்றிடம், நைட்ரஜன், மறுபடி வெற்றிடம், நைட்ரஜன், மூன்று சுற்று. பொடி பறக்கும், வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும்.

கரைப்பானைத் தனியாக ஒரு குடுவையில் எடுத்து, நீள ஊசி வழியாக நைட்ரஜனை அரை மணி நேரம் குமிழவிட்டுப் பிறகு சேர்க்கவும். ஆக்சிஜன் இருந்தால் மூன்று விதத்தில் கெடுக்கும்: பாஸ்பீனை ஆக்சிஜனேற்றும், போரோனிக் எஸ்டர்கள் இரண்டை ஒன்றோடொன்று இணைத்துப் பையரைலாக்கும், கொஞ்சத்தை ஃபீனாலாகவும் மாற்றும். அப்புறம் புரோமோஅனிசோலைச் சிரிஞ்சில் சேர்த்து, எண்ணெய்க் குளியலில் 80° செல்சியஸுக்குக் கொண்டு போங்கள். குளியலின் வெப்பநிலையைத் தெர்மாமீட்டரில் பாருங்கள், ஸ்டிர்ரரின் டயலில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம்.

ஆரஞ்சு-சிவப்பாக இருந்த கலவை மெல்லப் பழுப்பாகி, பின் கரும்பழுப்பாகும். அது பயப்பட வேண்டிய நிறமில்லை. ஆனால் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கண்ணாடியில் கறுப்புப் பொடி ஒட்டி, கரைசல் நிறமற்றுப் போனால் பல்லேடியம் உலோகமாக விழுந்துவிட்டது என்று அர்த்தம், பெரும்பாலும் ஆக்சிஜன் காரணம். கலக்கும் வேகத்தைக் குறைக்காதீர்கள், உப்பு அடியில் படிந்து கிடந்தால் வினை பாதியில் நிற்கும். டயாக்சேனில் இரவு முழுக்க விடுவது வழக்கம்.

டிஎல்சி பார்ப்பது

டிஎல்சி என்பது சிலிக்கா பூசிய தகட்டில் பொருள்களைப் புள்ளிகளாகப் பிரித்துப் பார்ப்பது. இங்கே ஒரு சிக்கல். விளைபொருளும் புரோமைடும் புறஊதா விளக்கில் தெரியும், பி2பின்2 தெரியாது. பெர்மாங்கனேட் கரைசலில் நனைத்துச் சூடாக்கினால் பி2பின்2-உம் தெரியும், கூடவே எல்லாமும் தெரியும். எது போரான் என்று தனியாகக் காட்ட மஞ்சளைவிட நல்ல பொருள் இல்லை. நம் சமையலறை மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் போரானோடு சேர்ந்து செந்நிறமாகும், வெண்காரத்தைக் கண்டுபிடிக்க மஞ்சள் தாளைப் பயன்படுத்திய பழைய சோதனை இதுதான். குர்குமினை எத்தனாலில் கரைத்து, துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, டிஎல்சி தகட்டை அதில் நனைத்து உலர்த்தினால் போரான் உள்ள புள்ளிகள் மஞ்சள் பின்னணியில் ஆரஞ்சு-சிவப்பாக எழும். ஒரு சின்ன பாட்டில் செய்து வைத்துக்கொள்ளுங்கள், போரான் வேதியியல் செய்யும் வரை அது உங்கள் மேஜையில் இருக்க வேண்டிய பொருள்.

போரோனிக் எஸ்டர்கள் சிலிக்கா தகட்டில் சற்று வாலோடு ஏறும், அது இயல்பு. ஜிசி-எம்எஸ் வசதி இருந்தால் இன்னும் நல்லது: 234-ல் மூலக்கூறு உச்சி, அதற்கு ஒன்று முன்னால் 233-ல் அதன் கால்பங்கு உயரத்தில் இன்னொன்று. இயற்கை போரானில் ஐந்தில் ஒரு பங்கு போரான்-10, மீதி போரான்-11, அதனால்தான் இந்த இரட்டை. அதைப் பார்த்தாலே ஒரு போரான் உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வர்க்கப் (கழுவிப் பிரிப்பது), பிறகு காலம் (சிலிக்கா நிரப்பிய குழாயில் பிரிப்பது)

அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு, எத்தில் அசிடேட்டால் நீர்த்து, செலைட் (வடிகட்ட உதவும் தூள்) வழியாக வடிகட்டுங்கள். பல்லேடியக் கறுப்பும் உப்பும் மேலே தங்கிவிடும். நீரால் கழுவி, உப்புக் கரைசலால் கழுவி, சோடியம் சல்பேட்டில் உலர்த்தி ரோட்டாவில் போடுங்கள். டிஎம்எஸ்ஓ எடுத்திருந்தால் நீர்க் கழுவலை மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும். வலுவான அமிலத்திலோ காரத்திலோ கழுவ வேண்டாம்.

காலம் போடும்போது ஒரே விதி: வேகம். போரோனிக் எஸ்டர் சிலிக்காவில் நீராற்பகுப்பாகிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போரோனிக் அமிலமாகி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். காலத்தை ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டு வந்தால் விளைச்சல் குறைந்துதான் இருக்கும். குட்டையான காலம், ஹெக்சேனில் தொடங்கி எத்தில் அசிடேட்டை 5, 10 சதவீதம் என்று ஏற்றி, அழுத்தம் கொடுத்து அரை மணிக்குள் முடியுங்கள். சிலிக்காவோடு முன்பே போரிக் அமிலத்தைக் கலந்து தயாரித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு, பிடிவாதமான எஸ்டர்களுக்கு அது உதவும்.

உண்மையான தலைவலி மீதமிருக்கும் பி2பின்2. அது பல சமயம் விளைபொருளோடு கைகோத்தபடியே இறங்கும். அதனால்தான் 1.1 சமானத்துக்கு மேல் போடாதீர்கள் என்கிறேன். பழைய செய்முறைகளில் 1.5, 2 சமானம் என்றெல்லாம் பார்ப்பீர்கள், சில வினைபடுபொருள்களுக்கு அது தேவையும் கூட, ஆனால் அதற்கான விலையைக் காலத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். பிரிக்கவே முடியவில்லை என்றால் பொட்டாசியம் ஹைட்ரஜன் டைஃபுளோரைடு சேர்த்து எஸ்டரை டிரைஃபுளோரோபோரேட் உப்பாக மாற்றலாம், ஈதரில் கரையாத திண்மம், கழுவி எடுக்க வசதி. இந்த ஃபுளோரைடு கண்ணாடியை அரிக்கும், அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும், ஆகவே பிளாஸ்டிக் பாத்திரம், சரியான கையுறை, தோலில் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் எங்கே இருக்கிறது என்ற தகவல் மூன்றும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

அடுத்த படி சுசுகிதான் என்றால் இன்னொன்றும் யோசியுங்கள்: பிரிக்கவே வேண்டாம். போரிலேற்றம் முடிந்ததும் அதே குடுவையில் இரண்டாவது அரைல் ஹாலைடையும், நீரில் கரைத்த பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்துச் சூட்டைத் தொடர்ந்தால் பையரைல் வந்துவிடும். முதல் படியில் எதைத் தவிர்த்தோமோ அதே வலுவான காரத்தை இங்கே வேண்டுமென்றே போடுகிறோம். முதல் ஹாலைடு முழுக்கத் தீர்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பி2பின்2 அதிகமாக மீந்திருந்தால் அது இரண்டாவது ஹாலைடையும் போரிலேற்றத் தொடங்கும், அங்கேயும் 1.1 சமானம்தான் காப்பாற்றும்.

என்எம்ஆரைப் படிப்பது

டியூட்டரேற்றிய குளோரோஃபார்மில் புரோட்டான் என்எம்ஆர்: 7.75 பிபிஎம் அருகே இரண்டு புரோட்டான், 6.89 அருகே இரண்டு, மெத்தாக்ஸி 3.82, பினகாலின் பன்னிரண்டு புரோட்டான்களும் ஒரே கூரிய உச்சியாக 1.33. பி2பின்2 மீந்திருந்தால் அதன் உச்சி 1.25 அருகே தனியாகத் தெரியும். பி2பின்2-க்கு அந்த உச்சி 24 புரோட்டானுக்கு உரியது, விளைபொருளுக்கு 12, கணக்கிடும்போது இந்த இரட்டிப்பை மறக்காதீர்கள். போரான்-ஆக்சிஜன் துணைப்பொருள்களும் ஏறக்குறைய அதே 1.25 பகுதியில்தான் விழும்.

கார்பன்-13 எடுத்தால் ஒரு கார்பன் குறைகிறதே என்று தோன்றும். போரானோடு நேராகப் பிணைந்திருக்கும் கார்பன், போரான் கருவின் நான்முனைத் தன்மையால் மிக அகலமாகிப் பெரும்பாலும் தெரியாமல் போகிறது. பொருளில் குறையில்லை. போரான்-11 எடுத்தால் எஸ்டர் 30 பிபிஎம் சுற்றி அகல உச்சியாக வரும், ஆனால் பி2பின்2-உம் அதே இடம்தான், இரண்டையும் பிரித்தறிய இது உதவாது. 22 பிபிஎம் அருகே உச்சி இருந்தால் ஆக்சிஜன் மூன்றும் கொண்ட போரேட் கழிவு. சாதாரண என்எம்ஆர் குழாயே போரோசிலிகேட் கண்ணாடி, அதிலுள்ள போரான் ஒரு பெரிய மேடாகத் தெரியும், குவார்ட்ஸ் குழாய் இருந்தால் அதை எடுங்கள்.

சரியாக வரவில்லை என்றால்

இதற்கும் என்எம்ஆர்தான் வழிகாட்டி. 7.48, 6.96 என்று இரண்டு உச்சிகள் வந்தால் அது 4,4'-டைமெத்தாக்ஸிபைஃபினைல், காரம் வலுவாகிவிட்டது அல்லது ஆக்சிஜன் புகுந்துவிட்டது. அனிசோல் வந்திருந்தால், அதாவது புரோமின் போய் ஹைட்ரஜன் வந்திருந்தால், ஈரத்தைச் சந்தேகியுங்கள். புரோமைடு அப்படியே 7.37-லும் 6.78-லும் நின்றால் வினையூக்கி செத்திருக்கிறது, அல்லது கலக்கம் போதவில்லை. வினை நன்றாக நடந்து, கச்சாப் பொருளின் என்எம்ஆரிலும் விளைபொருள் இருந்து, காலத்துக்குப் பிறகு எடை பாதியாகிவிட்டால் குற்றவாளி சிலிக்கா. ஆகவே காலத்துக்கு முன் கச்சா என்எம்ஆர் எடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், இரண்டு நிமிட வேலை, தவறு எந்தப் பக்கம் என்று அது ஒன்றே சொல்லிவிடும்.

சில மூலக்கூறுகள் உங்கள் கைத்திறனைப் பொருட்படுத்தாது. பிரிடினின் 2-ஆம் இடத்தில் போரானை வைத்தால் அது சீக்கிரமே கழன்றுவிடும். இருபுற ஆர்த்தோவிலும் ஃபுளோரின் இருக்கும் வளையங்களும் அப்படித்தான். அவற்றில் நாள்களைச் செலவழிக்காமல் வேறு வழி தேடுங்கள்.

புரோமைடு இல்லையென்றால் செய்முறையும் மாறும். குளோரைடுக்கு டிபிபிஎஃப் போதாது, டிரைசைக்ளோஹெக்சைல்பாஸ்பீன் அல்லது எக்ஸ்ஃபாஸ் போன்ற பருத்த, எலக்ட்ரான் செறிந்த பாஸ்பீன் வேண்டும். டிரைஃபிளேட்டுக்கு டயாக்சேனில் கூடுதலாகக் கொஞ்சம் டிபிபிஎஃப் சேர்ப்பார்கள். வினைல் ஹாலைடுக்கு மியௌரா குழு பொட்டாசியம் ஃபீனாக்சைடைக் காரமாக்கி டொலுவீனில் 50° செல்சியஸில் செய்தது. பாருங்கள், அங்கேயும் காரத்தைத்தான் மாற்றியிருக்கிறார்கள்.

அதே பாட்டிலால் வேறென்ன செய்யலாம்

எனக்கு மிகப் பிடித்தது இரிடியம் வினை. 2002-ல் இஷியாமா, மியௌரா, ஹார்ட்விக் ஆகியோர் சேர்ந்து காட்டியது: ஹாலைடே வேண்டாம், மெத்தாக்ஸி இரிடியம் சைக்ளோஆக்டாடையீன் இருபடியும் டை-டெர்ட்-பியூட்டைல்பைபிரிடினும் சேர்ந்தால் வளையத்தின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பிலேயே போரான் ஏறிவிடும். எங்கே ஏறும் என்பதை முடிவு செய்வது எலக்ட்ரான் அல்ல, இடநெருக்கடி. 1,3-டைகுளோரோபென்சீனைப் போட்டால் இரண்டு குளோரினுக்கும் தொலைவான 5-ஆம் இடத்தில் போரான் வரும், குளோரின்கள் இரண்டும் தொடப்படாமல் அப்படியே நிற்கும். நைட்ரேற்றம், புரோமினேற்றம் என்று ஆர்த்தோ-பாரா விதிகளையே மனப்பாடம் செய்து வந்த நமக்கு, அந்த விதிகளால் எட்டவே முடியாத இடங்கள் இதில் ஒரே படியில் கிடைக்கின்றன. இதிலே பி2பின்2-இன் இரண்டு போரானும் பயன்படும், முதல் பாதி போனபின் மிஞ்சும் பினகால்போரேனும் வினைபுரிகிறது. மியௌரா வினையிலோ ஒரு பாதி எப்போதும் கழிவுதான்.

அல்கைனில் பிளாட்டினத்தை வைத்தால் இரண்டு போரானும் ஒரே பக்கமாகச் சேரும், 1993-ல் மியௌரா, சுசுகி குழு காட்டியது. கிடைக்கும் டைபோரைல் அல்கீனில் இரண்டு அரைல்களை அடுத்தடுத்து மாட்டி, நான்கு பக்கமும் நிரம்பிய இரட்டைப் பிணைப்பைக் கட்டலாம். மார்பகப் புற்றுநோய் மருந்தான தமாக்சிஃபெனின் எலும்புக்கூடு அப்படிப்பட்டதுதான், அந்த வழியில் அதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

காப்பர் வினைகள் 2000-ல் ஹொசோமி, மியௌரா குழுக்கள் தனித்தனியே தொடங்கியவை. காப்பர் ஆல்காக்சைடு பி2பின்2-ஐ உடைத்து காப்பர்-போரைல் ஆகிறது, அது ஈனோனின் பீட்டா கார்பனில் போரானைச் சேர்க்கிறது. மெத்தனால் சில சமானம் சேர்த்தால் வேகம் வெகுவாகக் கூடும். நான் முன்னே வரையச் சொன்ன கருக்கவர் போரான் இங்கேதான் வேலை செய்கிறது. உலோகமே இல்லாமலும் முடியும்: 2017-ல் பிரிஸ்டலில் அகர்வால் குழு, பினகாலுக்குப் பதில் கேட்டகால் மாட்டிய டைபோரானை வைத்து, கார்பாக்சிலிக் அமிலத்தின் என்-ஹைட்ராக்சிதாலிமைடு எஸ்டரை வெளிச்சத்தால் மட்டுமே போரோனிக் எஸ்டராக்கியது.

இன்னொரு உறவினர் டெட்ராஹைட்ராக்சிடைபோரான். பினகால் எடையைச் சுமக்க வேண்டியதில்லை, நேரடியாகப் போரோனிக் அமிலம் கிடைக்கும், மொலாண்டர் குழு இதை நன்றாக வளர்த்தது. ஆனால் நீரும் பல்லேடியமும் இருக்கும் இடத்தில் இது ஹைட்ரஜன் வாயுவை விடும், அதை வைத்து இரட்டைப் பிணைப்புகளை ஒடுக்குபவர்களே உண்டு. ஆகவே இதை இறுக மூடிய குழாயில் சூடாக்கவே கூடாது, வாயு வெளியேற வழி இருக்க வேண்டும், ஒடுங்கக்கூடிய குழுக்கள் உங்கள் மூலக்கூறில் இருந்தால் முதலில் சிறு அளவில் பாருங்கள்.

வேலை முடிந்ததும் செலைட்டைச் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள். அதில் பல்லேடியம் இருக்கிறது, தனி டப்பாவில் சேருங்கள், கரைப்பான் ஈரம் உள்ள பல்லேடியக் கறுப்பு காய்ந்துகொண்டே வரும்போது காற்றில் பற்றிக்கொள்ளக்கூடும் என்பதால் நீரால் நனைத்து வையுங்கள். போரோனிக் அமிலங்கள் சில, மரபணுப் பிறழ்வுச் சோதனையில் தேறாதவை, கையுறை அவசியம். பி2பின்2 பாட்டிலைக் காற்றில் எடைபோடலாம்தான், திறந்து வைக்கலாம் என்று அர்த்தமில்லை, இறுக மூடி உலர்ந்த இடத்தில் வையுங்கள். செய்து முடித்த எஸ்டரை நைட்ரஜன் நிரப்பிய சின்ன வயலில் குளிர்பெட்டியில் வைத்து, தேதியையும் விளைச்சலையும் என்எம்ஆர் கோப்பின் எண்ணையும் லேபிளில் எழுதுங்கள்.